முதல் ரயில், கடைசி டிராம், நடுவில் ஒரு பூனை

ராயபுரம் ஸ்டேஷனில் நான் எடுத்த ஒரு படம் இருக்கு. வரிசையாக நிற்கும் தூண்கள், நிழலில் ஒரு சாம்பல் நிறப் பூனை. நண்பர்கள் அதுக்கு 'ஹெரிடேஜ் பூனை'ன்னு பேரே வெச்சுட்டாங்க. பழைய மெட்ராஸ் பேச்சு எங்க வட்டத்தில் எப்பவும் இப்படித்தான். கொஞ்சம் பூனை, கொஞ்சம் டிராம், கொஞ்சம் ஊர் வரலாறு. சண்டை சச்சரவு கிடையாது, எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தப் பேச்சில் ஒரு குறை இருக்கு. அதில் என் பங்கும் உண்டு என்பதால் சொல்றேன்.

நமக்கு 'முதல்' என்ற சொல்மேல் பெரிய மயக்கம். "இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம்"னு அடிச்சுச் சொல்றவங்க இன்னும் இருக்காங்க. அது தப்பு. பம்பாயில் 1853லேயே ரயில் ஓடிருச்சு, ஹவுராவில் 1854ல். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் போனது 1856 ஜூலை 1. தென்னிந்தியாவில் அதுதான் முதல் பயணிகள் ரயில். முந்தின இரண்டு ஊர்களிலும் அந்தக் காலத்து ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போ இல்லை. அதனால் நின்றுகொண்டிருப்பவற்றில் மூத்தது ராயபுரம். டிராமும் அப்படியே. குதிரை இழுத்த டிராம் கல்கத்தாவில் 1873லேயே ஓடியது. மின்சார டிராமில்தான் மெட்ராஸ் முதல், 1895 மே 7.

தேதியைத் திருத்துவது சுலபம். என் குறை அதைப் பற்றியது இல்லை. 'முதல்'னு சொன்னதும் கதை முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்கறோம். அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

1873ல் சென்ட்ரல் வந்தது. வெளியூர்ப் பயணிகள் மெல்ல அங்கே போனாங்க. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமை அலுவலகமும் 1922ல் ராயபுரத்தை விட்டு சென்ட்ரல் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போயிருச்சு. இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. தெற்கிலிருந்து கடல் அடிச்சுக்கிட்டு வரும் மணல் துறைமுகச் சுவரில் தடுக்கி நின்னது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் தொடங்கி கரை அரிச்சது. மெரினாவின் அழகைப் பேசுற புத்தகங்களில் இந்த இன்னொரு பாதிக்கு ரெண்டு வரி கிடைத்தாலே அதிகம். ஊருக்கு வந்த வரவு ஒரு பக்கம், செலவு இன்னொரு பக்கம். செலவு எழுதின பக்கத்தை நாம புரட்டறதில்லை.

டிராம் பேச்சிலும் இதே கதைதான். தரைக்கடியில் பதிச்ச வாய்க்கால் வழியா மின்சாரம் எடுத்தாங்க, மழைக்கால மெட்ராஸுக்கு அது ஒத்துவரலை, பிறகு மேல்கம்பிக்கு மாறினாங்க. இதையெல்லாம் ரசிச்சுப் பேசுவோம். 1953 ஏப்ரலில் கம்பெனி நொடிச்சு டிராம் நின்னுபோனதை மட்டும் ஒரு வரியில் கடந்துடுவோம். எங்க பெரியம்மா அப்போ சின்னப் பொண்ணு. தாத்தாகூட பாரிஸ் கார்னரில் டிராம் ஏறின ஞாபகம் அவங்களுக்கு இருக்கு. முதல் டிராம் எந்த வருஷம்னு கேட்டா தெரியாது. "நின்ன அன்னிக்கு எங்க தெருவுல ஒரு வீட்ல அடுப்பே எரியலடா. அவரு கண்டக்டரு"ன்னாங்க. நான் படிச்ச எந்த டிராம் கட்டுரையிலும் அந்த அடுப்பு இல்லை.

ஊர்ப் பேர்கள் நம்மைவிட நேர்மையா இருக்கு. மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. அந்த வழியில் காலடிப்பேட்டைன்னு ஒரு ஸ்டேஷன். யாரோட காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டை அது, வாயில் புழங்கிப் புழங்கிக் காலடிப்பேட்டை ஆயிருச்சு. கடைசி ஸ்டேஷன் பேரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி உட்கார்ந்திருக்கு. தறி போட்டவங்களையும் தீக்குச்சி அடுக்கினவங்களையும் ரயில் அறிவிப்பு தினமும் கூப்பிடுது, நமக்குத்தான் காதில் விழறதில்லை.

பூனைக்கு வர்றேன். 2020 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் சீனாவிலிருந்து வந்த கண்டெய்னரில் ஒரு பூனை பிடிபட்டது. கொரோனா பயம். திருப்பி அனுப்பணும்னு பேச்சு வந்தது, பீட்டா எதிர்த்தது, பத்திரிகையெல்லாம் எழுதியது. நல்லதுதான், வாயில்லா ஜீவன். ஆனால் அதே துறைமுகச் சுவருக்கு வெளியே எத்தனை தலைமுறையாப் பூனைகள் இருக்கு, ஏன் இருக்குன்னு யாரும் எழுதலை. காசிமேட்டில் மீன் இருக்கு, கிடங்குகளில் எலி இருக்கு, வலையை எலி கடிச்சா பிழைப்பு போச்சு. பூனை அங்கே அழகுக்கு இல்லை, வேலைக்கு இருக்கு.

என் படத்திலும் அதுதான் விட்டுப்போச்சு. அந்தப் பூனை தூணைப் பார்த்துக்கிட்டு இல்லை. சட்டகத்துக்கு ஒரு முழம் வெளியே, மீன் கூடையோட ஒரு அம்மா கும்மிடிப்பூண்டி வண்டிக்காகக் காத்திருந்தாங்க. பூனையோட கண்ணு அந்தக் கூடைமேல. கட்டடம் நல்லா விழணும்னு அவங்களை வெட்டிட்டேன். நான் படம் எடுக்கறதைப் பார்த்து, "இது எத்தினி வருசத்துக் கட்டடமோ, வண்டி எப்ப வரும்னு போன்ல பாத்துச் சொல்லு தம்பி"ன்னாங்க.

கட்டடத்தின் வயசு எனக்கு மனப்பாடம். வண்டி நேரம் தெரியலை.

தூணைப் பேசுவோம், டிராமைப் பேசுவோம், பூனையையும் கொஞ்சுவோம். கூடவே, பூனை எதைப் பார்க்குதுன்னும் திரும்பிப் பார்ப்போம். அந்தப் படத்தோட வெட்டாத மூலப்பிரதி என்கிட்ட இருக்கு. அடுத்த முறை யார்கிட்ட காட்டினாலும் அதைத்தான் காட்டப்போறேன், கூடை தெரியற மாதிரி. அந்த அம்மா முகம் மட்டும் வேணாம், அவங்ககிட்ட நான் கேட்கலை.