கற்பித்தோம், கற்றனரா?
ஏஞ்சலோ, கிராஸ் ஆகியோரின் கைந்நூல் பற்றிய ஒரு திறனாய்வு

விரிவுரையாளர் ஒருவர் ஒரு மணி நேரம் தடங்கலின்றிப் பேசி முடித்து, "ஐயம் உண்டா?" என வினவுகிறார். வகுப்பு அமைதியாயிருக்கிறது. அவ்வமைதியைத் தெளிவின் அடையாளமாகக் கொண்டு அவர் அடுத்த பாடத்துக்குச் செல்கிறார். தேர்வு விடைத்தாள்கள் கைக்கு வரும்போதுதான் அவ்வமைதியின் மெய்ப்பொருள் விளங்குகிறது. அப்பொழுதோ திருத்துவதற்குக் காலமில்லை. கல்லூரி ஆசிரியரின் இப்பழம்பிணிக்கு மருந்து தேடிய நூல்களுள் தாமஸ் ஏஞ்சலோ, பட்ரீஷியா கிராஸ் ஆகிய இருவரும் இயற்றிய 'வகுப்பறை மதிப்பீட்டு உத்திகள்' தனியிடம் பெற்றது. 1988இல் முப்பது உத்திகளுடன் வெளிவந்த இந்நூல், 1993இல் ஐம்பது உத்திகளாக விரிவு பெற்றது. அதன் நிறைகுறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூலின் பின்னணி

இந்நூலை வெறும் உத்திகளின் தொகுப்பாக வாசிப்பவர் அதன் உயிர்நாடியைத் தவறவிடுவர். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் பெருகிய காலத்தில், முன்பு உயர்கல்வியின் வாயிலை எட்டியிராத குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளே வந்தனர். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் தன் கதவுகளை அந்நகரின் உயர்நிலைப் பள்ளி முடித்தோர் அனைவர்க்கும் திறந்தது. இப்புதிய மாணவரைப் பற்றிக் கிராஸ் அம்மையார் 1971இல் எழுதிய நூலின் பெயரே 'திறந்த கதவுக்கு அப்பால்' என்பதாகும். கதவைத் திறந்துவிட்டால் போதாது, உள்ளே வந்தவர் கற்கின்றனரா என்று காண வேண்டும் என்பதே அன்று எழுந்த கேள்வி. இக்கைந்நூலை அக்கேள்விக்கு வகுப்பறை அளவில் தரப்பட்ட விடையாகக் கொள்வது பொருத்தமுடையது.

2. நூலின் சிறப்பு

ஆசிரியர் தம் கவனத்தை 'நான் என்ன சொன்னேன்' என்பதினின்று 'அவர்கள் என்ன பெற்றனர்' என்பதற்குத் திருப்பும்படி செய்வதே இந்நூலின் முதற்பெரும் பணி. இதற்கு 'ஒரு நிமிடத் தாள்' என்னும் உத்தி நல்ல சான்று. வகுப்பு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது மாணவர்க்குச் சிறு தாள் தரப்படுகிறது. இன்று கற்றவற்றுள் மிக முக்கியமானது யாது? விடை காணாது மனத்தில் எஞ்சி நிற்கும் வினா யாது? இவ்விரண்டுக்கும் பெயரெழுதாமல் விடை தர வேண்டும். ஆசிரியர் அவற்றை வாசித்து, அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் தாம் கண்டதைக் கூறி, குறையை நிரப்ப வேண்டும். இம்மூன்றாம் படியே உத்தியின் உயிர். தாளை வாங்கிவிட்டு மறுநாள் அதைப்பற்றி வாய்திறவாத ஆசிரியருக்கு, மூன்றாம் வாரத்தில் வெற்றுச் சொற்களே விடையாகக் கிடைக்கும்.

'பயன்பாட்டு அட்டை' தொழிற்கல்விக்கு மிகவும் ஏற்றது. ஒரு கோட்பாட்டைக் கேட்ட மாணவர் அது மெய்யாக வேலை செய்யும் இடமொன்றை எழுதிக் காட்டுகிறார். மின்கம்பி வேலை கற்பவரும் செவிலியர் பயிற்சி பெறுபவரும் விதியை ஒப்புவிக்க வல்லவராயிருந்தும் அதைக் கைக்குக் கொண்டுவர இயலாது நிற்கும் இடத்தை இவ்வட்டை வெளிப்படுத்தும். 'குறித்த கேட்போர்க்கு மறுமொழிதல்' என்பதோ இறையியல் மாணவர்க்கெனவே அமைந்தது போன்றது. 'உடன்படிக்கை' என்னும் கருத்தை ஒரு சிற்றூர்ச் சபையின் மூப்பருக்கு மூன்று வாக்கியங்களில் விளக்கும்படி கேட்டால், யார் பொருளை உணர்ந்தார், யார் சொல்லை மட்டும் சுமக்கிறார் என்பது ஐந்து நிமிடத்தில் புலப்படும்.

நூலாசிரியரின் நேர்மையும் பாராட்டத்தக்கது. ஒவ்வோர் உத்திக்கும் நன்மையோடு தீமையையும், அது கேட்கும் நேரத்தையும் உழைப்பையும் கூறுகின்றனர். மனத்துக்கு ஒவ்வாத உத்தியைக் கையாள வேண்டாம் என்று தாமே எச்சரிக்கின்றனர்.

3. நூலின் குறைகள்

முதலாவது, 'மிகவும் தெளிவற்ற இடம் எது?' என்று கேட்கும் உத்தி, தன் அறியாமையின் எல்லையை அறிந்த மாணவனுக்கே பயன்படுகிறது. தவறாக விளங்கிக்கொண்டு, சரியாக விளங்கியதாக எண்ணுகிறவன் 'எல்லாம் தெளிவு' என்றே எழுதுவான். அவனுக்கே ஆசிரியரின் உதவி மிகுதியாகத் தேவை. ஆகவே இவ்வுத்தியை மறுமொழிதலோடு இணைத்தே கையாள வேண்டும்.

இரண்டாவது, பெயரின்மை பற்றியது. நூறு பேர் அமர்ந்த மண்டபத்தில் பெயரின்மை மெய்யான காப்பு. பதினைந்து பேர் கொண்ட வகுப்பில் ஆசிரியர் கையெழுத்தைக் கண்டே ஆளை அறிவார். மாணவரும் அதை அறிவர். வினவுதலே மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவன் அத்தாளிலும் உண்மை எழுதான். ஆங்கில நூலை வாசித்துத் தமிழில் சிந்திக்கும் மாணவனை ஆங்கிலத்திலேயே விடையெழுதச் சொன்னால், நாம் அளப்பது அவன் மொழியறிவையேயன்றிப் பாட அறிவை அன்று. தாளுக்கு முன்னே அச்சம் நீங்க வேண்டும். அதற்கான உத்தி ஐம்பதிலும் இல்லை.

மூன்றாவது குறை இன்னும் ஆழமானது. கற்பித்தலின் நோக்கங்களை ஆசிரியர் தாமே ஆறு தொகுதிகளில் மதிப்பிட்டுத் தேர்ந்தபின்னரே உத்திகள் தொடங்குகின்றன. மாணவர் தம் நோக்கங்களை வரிசைப்படுத்தி ஆசிரியரின் நோக்கங்களோடு ஒப்பிடும் உத்தி ஒன்று உண்டு. எனவே கதவு முற்றும் அடைக்கப்படவில்லை. எனினும் நூலின் பெரும்பகுதியில் மாணவன் 'எனக்கு விளங்கவில்லை' என்று கூறலாம். 'இதை நான் ஏன் கற்க வேண்டும்?' என்று கேட்க இடமில்லை. மாணவனை வைப்புத்தொகை இடும் வங்கியாகக் கருதும் கல்வியைப் பாவ்லோ பிரெய்ரே கண்டித்தார். வைப்பு ஒழுங்காகச் சேர்ந்ததா என்று நாள்தோறும் கணக்குப் பார்ப்பது அவ்வங்கி முறையைத் திருத்துவதாகாது.

நான்காவது, இந்நூலில் தனி மாணவனே பெரும்பாலும் ஆசிரியருக்கு விடை தருகிறான். நன்னூற் பாயிரமோ ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டவனும் கல்வியிற் காற்பங்கையே பெறுவான் என்றும், உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காலும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரையும் நிரம்பும் என்றும் வகுத்தது. மாணாக்கரை எருமைக்கும் இல்லிக்குடத்துக்கும் ஒப்பிட்டு இழித்த அந்நூலே விரிவுரையின் எல்லையை இவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தது வியப்பே. உடன் கற்போரின் பங்கை எரிக் மசூர் தம் 1997ஆம் ஆண்டு நூலில் முன்னிறுத்தினார். கிராஸ் அம்மையாரும் பார்க்லி, மேஜர் ஆகியோருடன் கூட்டுக் கற்றல் உத்திகளைப் பற்றி 2005இல் தனி நூல் வெளியிட்டு இக்குறையை நிரப்பினார்.

4. முடிவுரை

இத்தகைய முயற்சிகளால் பயனுண்டா என்பதற்குச் சான்று உண்டு. அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த கட்டுரை, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் 33.8 விழுக்காட்டினரும், மாணவர் செயற்பட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினரும் தோல்வியுற்றதாகக் காட்டியது. இம்முடிவை இறையியல் பாடங்களுக்கு அப்படியே பொருத்துதல் பொருந்தாது. ஆயினும் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு அவ்விடைவெளி ஒரு வாழ்வின் வேறுபாடு என்பதை மறத்தலாகாது.

ஆகவே இந்நூல் ஆசிரியர் கையில் இருக்க வேண்டியதே. ஐம்பதையும் கையாள முற்படாமல், ஓர் உத்தியை ஒரு பருவம் முழுதும் உண்மையாய்ப் பின்பற்றுதல் நலம். அதற்கு நேரம் வேண்டும். நேரம் வேண்டுமாயின் பாடத்திட்டத்தில் ஏதேனும் ஒன்றைக் குறைக்க வேண்டும். இவ்விழப்புக்கு இணங்காத ஆசிரியருக்கு இந்நூல் பயன்படாது. மாணவர் எழுதித் தந்த தாள்களைப் படித்தபின் மறுநாள் வகுப்பில் நாம் எதை மாற்றினோம் என்பதே நம் கற்பித்தலின் உண்மையான தேர்வு.