கசப்பு எங்கே போச்சு?

ஒயின் பற்றி எழுதுபவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. விலை ஏற ஏற வர்ணனையும் ஏறும். காஸ்ட்லி பாட்டில் என்றால் 'மழைக்குப் பிந்தைய காடு', 'பழைய நூலகத்தின் தோல் நாற்காலி' என்றெல்லாம் உருகுவார்கள். மலிவான பாட்டிலுக்கு 'பரவாயில்லை'யோடு சரி. இந்த வாரம் ஒரு 'பரவாயில்லை'யைக் கொஞ்சம் மரியாதையாக விசாரிக்கலாம். திராட்சையின் பெயர் வெர்தேஹோ. ஊர், ஸ்பெயினில் ருவேதா. அங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஐந்தாறு யூரோவுக்கே நல்ல பாட்டில் கிடைக்கும். (குடிக்காதவர்களும் தொடரலாம். விஷயம் ருசி பற்றியது.)

மாட்ரிடுக்கு வடமேற்கே, துவேரோ ஆற்றை ஒட்டிய மேட்டுநிலம். கடல் மட்டத்துக்கு மேல் 700, 800 மீட்டர். எங்கு பார்த்தாலும் கூழாங்கல். கோடையில் பகலெல்லாம் வறுத்தெடுக்கும் வெயில், ராத்திரியில் ஸ்வெட்டர் தேட வைக்கும் குளிர். வெயில் பழத்தில் சர்க்கரையைச் சேர்க்கிறது, குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது.

வெர்தேஹோவுக்கு ஒரு பலவீனம். காற்றுப் பட்டால், நறுக்கி வைத்த ஆப்பிள் மாதிரி சீக்கிரம் நிறம் மாறிவிடும். ஒரு காலத்தில் ருவேதாக்காரர்கள் இதையே தொழிலாக்கி, வேண்டுமென்றே காற்றுப்பட வைத்து, ஷெரி பாணியில் பொன்னிற ஒயின் செய்தார்கள். 1970-களின் தொடக்கத்தில், ரியோஹாவில் சிவப்பு ஒயினுக்குப் பேர்போன மார்கேஸ் தெ ரிஸ்கால் கம்பெனி, வெள்ளை ஒயினுக்கு இடம் தேடி இங்கே வந்தது. கூடவே பிரெஞ்சுப் பேராசிரியர் எமில் பேனோவின் ஆலோசனையும் வந்தது. எவர்சில்வர் தொட்டி, குளிரூட்டல், காற்றுக்குத் தடா. 1980-ல் ருவேதாவின் பெயருக்கு அரசாங்க முத்திரையே கிடைத்தது. இன்றைக்கும் அறுவடை பெரும்பாலும் நடுராத்திரியில்தான். மிஷின்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வயலில் ஊர்ந்து, பழத்தைச் சூடேறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

சரி, ஊற்றலாம். எட்டு, பத்து டிகிரி குளிர்ச்சி போதும். இன்னும் ஜில்லென்று கொடுத்தால் வாசனை செத்துவிடும். வெளிர் மஞ்சள், ஓரத்தில் லேசாகப் பச்சை. மூக்கில் எலுமிச்சைத் தோல், அப்போது அறுத்த புல், ஒரு சிட்டிகை சோம்பு. வாயில் முதலில் பழம், அடுத்து புளிப்பு. விழுங்கிய பிறகு, நாக்கின் பின்பக்கம் பாதாம் தோல் போல மெல்லிய கசப்பு.

அந்தக் கசப்புதான் இந்தத் திராட்சையின் கையெழுத்து. என் புகாரும் அங்கேதான். ருவேதா நன்றாக விற்க ஆரம்பித்ததும், பல பெரிய கம்பெனிகள் ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுத்துப் போட்டு, பேஷன் ஃப்ரூட் வாசனை தூக்கலாக வருகிற மாதிரி ஒயின் செய்கின்றன. மூக்குக்கு அது சோவிஞோன் பிளாங்க்கின் தம்பி. கசப்பை வழித்து எடுத்தாயிற்று. முதல் மடக்கு 'ஆஹா', மூன்றாவது மடக்கு 'ஜூஸ்'. மலிவாக இருப்பது தப்பில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாமல் இருப்பதுதான் தப்பு.

சாப்பாட்டோடு வைத்தால் வித்தியாசம் இன்னும் பளிச். ஸ்பெயின் பார்களில் இதற்கு ஜோடி: பூண்டு போட்டு எண்ணெயில் புரட்டிய இறால், பொரித்த மீன், கனமான உருளைக்கிழங்கு ஆம்லெட். புளிப்பு எண்ணெயை அறுக்கிறது, கசப்பு நாக்கைத் துடைத்து அடுத்த கவளத்துக்குத் தயார் செய்கிறது. உப்புப் பட்டால் கசப்பு அடங்கி, பழம் முன்னே வரும். அதனால் உப்பில் ஊறிய நெத்திலியும் ஆட்டுப்பால் சீஸும் கைகொடுக்கும். ஒயினோடு சண்டை பிடிக்கும் அஸ்பாரகஸ்கூட இதன் புல் வாசனைக்குப் பணிந்துபோகிறது. அந்தப் பக்கத்தின் பெருமையான, விறகடுப்பில் சுட்ட பால்குடி ஆட்டுக்குட்டியிடம் மட்டும் எடுபடாது. அதற்குப் பக்கத்து ரிபேரா தெல் துவேரோவின் சிவப்புதான் சரி. இனிப்போடும் வேண்டாம், வெறும் புளித்தண்ணியாகிவிடும்.

வெளிநாட்டுக் கடையில் எதிரே வந்தால் சில யோசனைகள். லேபிளில் 'ருவேதா'வோடு 'வெர்தேஹோ' என்றும் இருக்கட்டும். குறைந்தது 85 சதவிகிதம் அந்தத் திராட்சை என்று அர்த்தம். வருஷத்தைப் பாருங்கள். சாதாரண பாட்டில் என்றால் போன வருஷத்தது உத்தமம், நாலைந்து வருஷம் தூங்கினது வேண்டாம். திருகுமூடியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அதுவும் காற்றைத் தடுக்கத்தான். 'சோப்ரே லியாஸ்' என்றிருந்தால் ஈஸ்ட் வண்டலோடு ஊறவைத்தது. கொஞ்சம் விலை கூட, ஆனால் வாயில் கனம் இருக்கும்.

கடைசியாக ஒரு டெஸ்ட். ஒரு மடக்கு விழுங்கிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கசப்பு தலைகாட்டினால் அது வெர்தேஹோ. வராவிட்டால், ஐந்து யூரோவுக்கு வாசனைத் தண்ணி வாங்கியிருக்கிறீர்கள்.