நாலு கரண்டிச் சீனி

நத்தாருக்குப் பத்து நாள் இருக்கும்போதே எங்கள் வட்டகொடை லயத்தில் இஞ்சி தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். இஞ்சி, சீனி, எலுமிச்சை, ஒரு சிட்டிகை ஈஸ்ட், நாலைந்து காய்ந்த திராட்சை: இதுதான் பெரியம்மாவின் ஜிஞ்சர் பியர். ஒரு வருசம் பெரியப்பா ருசி பார்த்துவிட்டு, "சப்புன்னு இருக்கு" என்று போத்தலுக்கு நாலு கரண்டிச் சீனி போட்டு மூடி இறுக்கினார். குளிருக்கு இதமாக இருக்கட்டுமென்று அடுப்புக்குப் பின்னால் வேறு அடுக்கினார். மூன்றாம் இரவு ஒன்று வெடித்தது. மறுநாள் காலை விறகுக் கட்டையில் குத்தி நின்ற கண்ணாடிச் சில்லைப் பிடுங்கிக்கொண்டே, "ஏங்க, மூடிய இறுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லியா?" என்றார் பெரியம்மா.

குற்றம் மூடியில் மட்டுமில்லை. ஒரு தேக்கரண்டிச் சீனி, அதாவது ஏறக்குறைய 4 கிராம், முழுக்க நொதித்தால் ஒரு லீட்டர் அளவுக்குக் காபனீரொட்சைட்டு வரும். நாலு கரண்டிக்கு நாலு லீட்டர். பள்ளிக்கூடத்தில் நாங்கள் மதுவம் என்று படித்த ஈஸ்டையும் சீனியையும் ஒரே போத்தலில் அடைத்து இனிப்பு அப்படியே இருக்க வேண்டுமென்றால் நடக்காது. ஆப்பிளைப் பிழிந்து சைடர் வைக்கும் சீமைக்காரர்களுக்கும் இதே தலைவலிதான். இதைத் தீர்க்க ஊருக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது.

நம் பக்கத்து வழி, நொதிப்பைத் தொடங்கவே விடாதது. பனை முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். யாழ்ப்பாணத்தில் அந்தப் பதநீரே கருப்பணி. கித்துள் சீவும் சிங்களக் கிராமங்களில் முட்டிக்குள் ஹல் மரப்பட்டைத் துண்டுகளைப் போடும் பழக்கம் உண்டு. அதுவும் புளிப்பைத் தள்ளிப்போடத்தான். சுண்ணாம்பு கூடினால் நாக்குப் பொத்துப்போகும், குறைந்தால் பொழுது ஏறுவதற்குள் நுரைக்கும். தடவுகிறவரின் விரல்தான் அளவுகோல்.

நோர்மண்டிக்காரர்கள் ஈஸ்டைப் பட்டினி போடுகிறார்கள். ஆப்பிள் சாற்றிலுள்ள பெக்டினைக் கூழாகத் திரண்டு மிதக்க விட்டு, அடியில் தெளிந்ததை மட்டும் இறக்குவார்கள். ஈஸ்டுக்கு வேண்டிய சத்தில் பெரும்பகுதி கூழோடு போய்விடும். மெல்ல மெல்ல நொதித்து, இனிப்பு மிச்சமிருக்கும்போதே அது ஓய்ந்துபோகும். பொறுமையுள்ளவர்களின் வேலை அது.

வீட்டில் சைடர் வைக்கும் ஆங்கிலேயர்கள் பலர் மருந்தை நம்புகிறார்கள். சீனி முழுதும் தீர்ந்து, வண்டல் இறங்கித் தெளிந்தபின் சல்பைட்டும் பொட்டாசியம் சோர்பேட்டும் சேர்த்து, அதன் பிறகே இனிப்புப் போடுவார்கள். இந்த வரிசை தப்பக் கூடாது. சோர்பேட் ஈஸ்டைக் கொல்லாது, பெருக விடாமல் தடுக்கும், அவ்வளவுதான். நொதித்துக்கொண்டிருக்கும்போது அதைக் கொட்டுவது வீண். சல்பைட்டை விட்டுவிட்டால் சில பக்டீரியாக்கள் சோர்பேட்டைத் தின்று ஜெரேனியம் இலை கசக்கிய வாடையைக் கொண்டுவரும். அந்த வாடை வந்த சைடருக்கு வைத்தியம் கிடையாது.

சூடு காட்டி நிறுத்துவது பாஸ்டர் வழி. மூடிய போத்தலை 65 பாகைச் சுடுநீரில் பத்து நிமிடம் போல வைத்தெடுப்பது. ஏற்கெனவே வாயு ஏறிய போத்தலென்றால் அங்கேயே வெடிக்கலாம். தேயிலை இஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. நிறமும் மணமும் திரண்ட நேரம் பார்த்து டீமேக்கர் தேயிலையை டிரையருக்குள் தள்ளுவதும் சூட்டால் நிறுத்துகிற வித்தைதான். அங்கே நொதிப்பு என்று சொல்லிக்கொண்டாலும் அதில் ஈஸ்டுக்கு வேலையில்லை. கொழுந்துச் சாறு காற்றோடு சேர்ந்து சிவக்கிறது.

நம் மலைக் குளிர் போதாதா என்பார்கள். குளிர் ஈஸ்டைத் தூங்க வைக்கும். ரயிலேறி கொழும்புக்குப் போகும் போத்தலில் அது விழித்துக்கொள்ளும்.

பேரிக்காய்க்கு மட்டும் ஒரு சலுகை. அதிலுள்ள சோர்பிட்டோலை ஈஸ்ட் தொடாது. அதனால்தான் பேரிக்காய்ச் சைடர் முழுக்க நொதித்த பிறகும் நாக்கில் லேசாக இனிக்கிறது. நுவரெலியாப் பக்கத்துப் பேரிக்காயைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுக்கும். ஆனால் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் மது வடிக்க வழியில்லை. எங்கள் வீடு ஜிஞ்சர் பியரோடு நின்றுகொண்டது.

இத்தனை வழியிலும் என் ஓட்டு பெரியம்மாவுக்கே. அந்த வெடிக்குப் பிறகு அவர் போத்தலில் சீனியைக் குறைத்துவிட்டார். நத்தாரன்று கிளாஸில் ஊற்றிய பிறகு, தனியே வைத்திருந்த கித்துள் பாணியில் ஒரு கரண்டி விடுவார். அது கறுப்பு நூலாய் அடிக்கு இறங்கும். பெரியப்பா மட்டும் இரண்டு கரண்டி கேட்பார்.