செவிலிக்கு ஒரு மகள் உண்டு

நர்ஸ் என்பதற்குத் தமிழ்நாட்டு அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் இன்று வழங்கும் சொல் செவிலியர். இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தாதியர் என்பார்கள். எங்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவமனை வார்டில் இந்த இரண்டுமே கிடையாது. அங்கே ‘சிஸ்டர்’, கிராமத்துப் பாட்டிகளுக்கு ‘நர்சம்மா’. தமிழ் படித்துத் தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் எனக்குச் ‘செவிலி’யின் மேல்தான் கண்.

சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி காதலனோடு ஊரைவிட்டுப் போய்விட்டால், பாலை நிலத்து வழியில் தேடிப் புறப்படுகிறவளும் எதிரே வருகிறவர்களை நிறுத்தி விசாரிக்கிறவளும் அவள்தான். தாயன்பு என்று சொல்லிவிட்டு வகுப்பில் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் தொல்காப்பியத்தின் களவியல் போகிறபோக்கில் ஒரு செய்தியைச் சொல்கிறது: தோழி என்பவள் செவிலியின் மகள். அப்படியானால் செவிலிக்குச் சொந்தமாக ஒரு பெண் இருக்கிறாள். அவளும் அதே வீட்டில், அதே தலைவிக்காகத் தூது போய்க்கொண்டும் காவல் நின்றுகொண்டும் இருக்கிறாள். பராமரிப்பு வேலை தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சொத்தாகிவிடுகிறது. மரபு செவிலிக்கு ஒதுக்கிய புலம்பலோ தலைவிக்கானது, தன் மகளுக்கானதல்ல.

இன்னொரு விதியும் அதே நூலில் உண்டு. கடல் கடந்து பொருள் தேடப் போகிறவன் பெண்ணை உடன் அழைத்துப் போவதில்லை. பொருளுக்காகப் பிரிவது ஆணின் ஒழுக்கம், வீட்டில் இருந்து காத்திருப்பது பெண்ணின் ஒழுக்கம். இன்று போளூரிலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் கடல் கடந்து பொருள்வயிற் பிரிகிறவர்களில் இருபத்தைந்து வயதுப் பெண்களும் இருக்கிறார்கள். கணவன்மார் காத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவுக்குத் திணை வகுக்க யாரும் வரவில்லை. ஒப்பந்தம் வகுக்க மட்டும் அரசுகள் வந்திருக்கின்றன.

இந்தியாவும் சிங்கப்பூரும் விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 2005 ஜூன் 29. அது நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 1. சரக்கு, முதலீடு, வரி என்று நீளும் அந்த ஆவணத்துக்குள் ஐந்து தொழில்களின் பெயர்கள் இருக்கின்றன: கணக்குத் தணிக்கை, கட்டடக்கலை, மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம். ஒரு நாட்டின் பட்டத்தை மறுநாடு ஏற்பதற்கான உடன்பாட்டை இந்தத் தொழில்களின் கவுன்சில்கள் 12 மாதத்துக்குள் பேசி முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செவிலியருக்கான உடன்பாடு கையெழுத்தானது 2018 ஜூன் 1 அன்று. 12 மாதம் என்றது ஏறக்குறைய 13 ஆண்டாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் 2006 டிசம்பரில் ஆசியான் நாடுகளும் தமக்குள் இப்படியொரு செவிலியர் உடன்பாட்டைச் செய்துகொண்டன. மூன்றாண்டு அனுபவம் வேண்டும், போகிற நாட்டின் உரிமம் வேண்டும் என்று அதிலும் நிபந்தனைகள். தாய்லாந்தில் உரிமத் தேர்வு தாய் மொழியில்தான். சரக்குக் கப்பல் கடக்கிற வேகத்தில் பெண் கடப்பதில்லை.

சிங்கப்பூர் உடன்பாடு எதை ஏற்கிறது? பெயர் குறித்த சில நிறுவனங்களின் பட்டத்தை. தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கில் செவிலியர் கல்லூரிகளும் பள்ளிகளும் இருக்கின்றன. நகை அடகு வைத்தும் நிலம் விற்றும் பெண்ணைச் சேர்க்கிற குடும்பங்கள் பெரும்பாலும் அந்தச் சிறு பட்டியலுக்கு வெளியே நிற்கிற கல்லூரிகளுக்குத்தான் பணம் கட்டுகின்றன. சரி, பட்டம் ஏற்கப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏற்கப்படுவது பட்டம்தான். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை இருந்தால்? வேலை அனுமதியில் சிங்கப்பூரில் இருக்கிறவர் கணவனையோ குழந்தையையோ உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியாவது இருக்க வேண்டும். புதிதாகப் போகிற செவிலிக்கு எட்டாத தொகை அது. ஆகவே குழந்தை போளூரில் பாட்டியிடம் இருக்கும். பாட்டிக்கு முடியவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம். ஒரு நாட்டின் முதியவரைக் கவனிக்க இன்னொரு நாட்டின் தாய் போவதும், அவள் குழந்தையைக் கவனிக்க அவளைவிட ஏழையான ஒருத்தி வருவதுமான இந்தத் தொடரைச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 2000ஆம் ஆண்டில் ‘உலகளாவிய பராமரிப்புச் சங்கிலி’ என்று எழுதினார். களவியலைப் படித்தவர்களுக்கு அந்தச் சங்கிலியின் முதல் இரண்டு கண்ணிகள் புதியவை அல்ல.

இந்த வேலை மேல் நம் ஊருக்கு இருந்த பார்வையையும் சேர்த்தே பேச வேண்டும். எங்களுக்கு வடக்கே வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946இல் அதே வளாகத்தில் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகளில் ஒன்று. ஆனால் அந்நியரின் உடலைத் தொட்டுத் துடைக்கிற வேலைக்கு மேல்சாதி வீடுகள் பெண்களை அனுப்பவில்லை. வந்தவர்களில் பெரும்பகுதி கிறித்தவப் பெண்கள், விதவைகள், சாதியின் கீழ்ப்படிகளில் வைக்கப்பட்டவர்களின் மகள்கள். தீட்டு, இரவு வேலை, ஆண் உடல் என மூன்று காரணங்களால் தாழ்த்தப்பட்ட தொழில் இது. வார இதழ்களின் டாக்டர்–நர்ஸ் ஜோக்குகளைப் பல பத்தாண்டுகளாகச் சிரித்துக்கொண்டே படித்த சமூகம் நாம். வெளிநாட்டுச் சம்பளம் வந்த பிறகுதான் கல்யாணச் சந்தையில் இந்தப் படிப்புக்கு மரியாதை வந்தது. ‘சேவை’ என்ற சொல்லும் அதே வேகத்தில் புழங்குவதைக் கவனியுங்கள். சேவைக்கு யாரும் சம்பளம் பேசமாட்டார்கள்.

திரைப்படத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பீம்சிங் இயக்கிய ‘பாலும் பழமும்’ (1961) படத்தில் சரோஜாதேவி செவிலி சாந்தி. புற்றுநோய் ஆய்வு செய்யும் மருத்துவர் ரவியாகச் சிவாஜி. அவரை மணந்ததும் சாந்தியின் உழைப்பு மனைவியின் கடமையாகிவிடுகிறது. அவளுக்குக் காசநோய் வருகிறது. தன்னைக் கவனிப்பதில் கணவனின் ஆராய்ச்சி கெடும் என்று வீட்டைவிட்டுப் போகிறாள். இறந்துவிட்டாள் என்று எல்லோரும் நம்ப, சுவிட்சர்லாந்து போய்க் குணமாகித் திரும்புகிறாள். கணவனுக்கு இப்போது வேறொரு மனைவி. கண் பார்வையும் இல்லை. சாந்தி வேறு பெயரில் அவருக்கே நர்ஸாக வேலைக்குச் சேர்கிறாள். தமிழ்ப் படத்தில் ஒரு செவிலி ஐரோப்பா போனது நோயாளியாக. திரும்பி வந்தது, பெயரையும் உரிமையையும் வெளியே வைத்துவிட்டு அதே உடலைப் பார்த்துக்கொள்ள. எங்கள் அம்மாக்கள் இந்தப் படத்துக்கு அழுதார்கள். நானும் அழுதிருக்கிறேன், பாட்டுகள் அப்படி.

மலையாளத்தில் மகேஷ் நாராயணனின் ‘டேக் ஆஃப்’ (2017) இதற்கு நேர்மாறான இடத்தில் தொடங்குகிறது. 2014இல் ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கிய 46 இந்தியச் செவிலியரின் நிகழ்வை வைத்து எடுத்த படம். அவர்களில் கேரளப் பெண்களே மிகப் பலர். தூத்துக்குடிப் பெண் ஒருவரும் இருந்தார். அதே நிகழ்வை இந்தியில் ‘டைகர் ஜிந்தா ஹை’ எடுத்தபோது, பெண்கள் காப்பாற்றப்படுவதற்காகவே இருந்தார்கள். ‘டேக் ஆஃப்’ படத்தின் சமீரா (பார்வதி) ஈராக் போவது கடனுக்காக. அங்கே சாகசம் எதுவும் அவளை அழைக்கவில்லை. நிஜத்திலும் அந்தப் பெண்களில் சிலர் குண்டுச் சத்தத்துக்கு நடுவில்கூட ஊர் திரும்பத் தயங்கினார்கள். வட்டிக்கு வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணம் அடைபடவில்லை, சம்பளமும் பாக்கி. போரைவிடக் கடனுக்குப் பயப்படும் நிலையை அந்தப் படம் பாட்டுப் போட்டு மறைக்கவில்லை. தமிழில் இப்படியொரு படம் இன்னும் வரவில்லை என்பது என் குறை.

அந்தக் கடன் எவ்வளவு என்று கேட்டால், 2015இல் கொச்சியில் மத்தியப் புலனாய்வுத் துறை பதிந்த வழக்கைப் பார்க்கலாம். குவைத்துக்குச் செவிலியரை அனுப்ப 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாக ஒரு முகவர் மேல் குற்றச்சாட்டு. நூறு மடங்கு. அதே ஆண்டில்தான், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் வழியாகவே எடுக்க வேண்டும் என்று இந்திய அரசு விதி செய்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன்’. பெண் செவிலியர் தேவை என்று விளம்பரம் கொடுக்கிற நிறுவனத்தின் பெயரில் ‘மேன்’ உட்கார்ந்திருக்கிறார். தமிழ்ப் பெயர் வைத்தவருக்கு நன்றி. முகவரின் வாயிலிருந்து பெண்களை எடுத்த அளவில் அந்த விதி நல்லது. ஆனால் செவிலிகளை மட்டும் தனியே பிரித்து இந்தக் கதவு வழியாகத்தான் போகலாம் என்று சொல்கையில், பாதுகாப்பும் காவலும் ஒரே சாவியில் தொங்குவதை நாம் பார்க்கத்தான் வேண்டும்.

‘தயார்ப்படுத்துதல்’ என்பது இப்போது எங்கும் கேட்கிற சொல். செவிலியர் படைக்குத் திறன் பயிற்சி, மொழிப் பயிற்சி, உலகச் சந்தைக்கு ஏற்ற பாடத்திட்டம். திருவண்ணாமலைக்கு வெளிநாட்டவர் வருவது மன அமைதி தேடி. பனிக்காலத்தில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலை முழுக்க அவர்கள்தான். அதே சாலையில் ஓடும் பேருந்தின் முதுகில் ஜெர்மன் மொழி வகுப்புக்கு விளம்பரம். இரண்டு நாட்டாரும் ஒருவர் இடத்துக்கு ஒருவர் போகிறார்கள், விசா மட்டும் வேறு. பிரிட்டனுக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ்., ஜெர்மனிக்கு பி1, பி2, வளைகுடாவுக்கு ப்ரோமெட்ரிக். பி.எஸ்சி. நர்சிங் முதல் பருவத்திலேயே பேச்சு ஆங்கிலம் ஒரு பாடம். வேண்டியதுதான். ஆனால் ஜவ்வாது மலையிலிருந்து பிரசவத்துக்கு வருகிற பெண் தன் வலியை எந்தச் சொல்லில் சொல்கிறாள், அதைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது என்பதற்கு எந்தப் பருவத்திலும் பாடம் இல்லை. ‘அடிவயிறு இழுத்துப் பிடிக்குது’, ‘கண்ணை இருட்டுது’, ‘மேலுக்கு முடியலை’ என்று வந்து விழும் சொற்கள் வார்டில் காதால் பிடித்துக்கொள்ள வேண்டியவை. தயாரிப்பு என்பது இங்கே எப்போதும் வேறொருவரின் வார்டுக்கானது. நம் நோயாளிகள் பயிற்சிக்கான உடல்கள்.

இந்த இடத்தில் ஒரு குரல் வரும்: ஆகவே பெண்கள் போகக் கூடாது, நாட்டின் செல்வம் வெளியேறுகிறது. இது பாலை நிலத்தில் நின்று அழும் செவிலியின் குரலின் ஆண் பதிப்பு. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏழை நாடுகளின் மருத்துவமனைகளைக் காலி செய்து ஆளெடுப்பதைக் கட்டுப்படுத்த உலக சுகாதார நிறுவனம் 2010 மே மாதம் ஒரு நெறிமுறையை ஏற்றது. 2023இல் 55 நாடுகளைப் பாதுகாக்க வேண்டியவையாகப் பட்டியலிட்டது. அதில் இந்தியா இல்லை. ஆக, ஆளெடுக்க வருகிறவர்களுக்குத் தயக்கம் தேவையில்லை. அனுப்புகிறவர்களுக்கோ அந்நியச் செலாவணி. போகிறவளை ‘இழப்பு’ என்று எழுதினாலும் ‘ஏற்றுமதி’ என்று எழுதினாலும் அவள் யாருடைய சொத்து என்பதில்தான் சண்டை. போக நினைப்பவள் போகட்டும். அவள் எதை விட்டுப் போகிறாள் என்று மட்டும் நான் கேட்கிறேன்.

அதற்குக் கணக்கு இருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து 2015இல் ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற சொல் காற்றில் போனது. 2017 நவம்பரில் அவர்கள் கைக்குழந்தைகளோடு சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு கலைந்தார்கள். ஊதியம் பின்னால் 14,000, 18,000 என்று ஏறியது. கொரோனா வார்டுகளுக்குத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களுக்கு மாடியிலிருந்து கைதட்டினோம். 2022 டிசம்பர் 31 அன்று அவர்களின் பணிக்காலம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. தனியாரில் இன்னும் மோசம். 2011–12இல் மும்பை, டெல்லி, கேரளம், சென்னை என்று செவிலியர் வேலைநிறுத்தங்கள் மூண்டபோது, சம்பளத்தோடு பாண்டும் பிடித்துவைத்த அசல் சான்றிதழ்களும் பெரிய குறைகளாக இருந்தன. கல்யாணத்துக்கு நகை போட்டு அனுப்புவது போல, வேலைக்குச் சான்றிதழை அடகு வைத்து அனுப்பும் பழக்கம்.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் பற்றி ஒரு குழு அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலிக்கு நிகரான ஊதியம், 50க்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது குழு. எங்கள் ஊரில் நர்சிங் முடித்த ஒரு பெண், என்னிடம் மேல்நிலை வகுப்புக் காலத்தில் கவிதை காட்டிக்கொண்டிருந்தவள், ஒரு சிறிய மருத்துவமனைக்கு நேர்காணலுக்குப் போனாள். அந்தப் பரிந்துரையை அச்செடுத்துக் கொடுத்து அனுப்பினேன். சம்பளம் பேசும் நேரத்தில் அதை மேசைமேல் வைத்திருக்கிறாள். மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தாராம்.

“இது டெல்லி பேப்பர்மா. இங்க ஒன்பதாயிரம்னு சொன்னார், அம்மா” என்றாள் என்னிடம்.

இப்போது அவள் பி2 தேர்வுக்குப் படிக்கிறாள். மூன்று வயது மகளை யாரிடம் விடுவது என்பதுதான் வீட்டில் நடக்கிற பேச்சு.