உதிர்வதே ருசி

ஒரு பிஸ்கட் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் முதலில் அதை உடைத்துப் பார்க்க வேண்டும். மைதா பிஸ்கட் 'டக்'கென்று இரண்டாகப் பிளக்கும். ஜவ்வாது மலைச் சாமையில் வீட்டிலேயே சுட்ட இனிப்பு பிஸ்கட் அப்படிப் பிளப்பதில்லை. விரலின் அழுத்தத்தை ஒரு கணம் தாங்கி, பிறகு பொலபொலவென்று உதிரும். வாயில் போட்டால் பல்லுக்கு அதிக வேலையில்லை. நாக்கின் சூட்டிலேயே நெய்யும் நாட்டுச் சர்க்கரையும் இளகும். அவை கரைந்த பிறகு, வறுத்த சாமையின் வாசம் தொண்டைக்கும் மூக்குக்கும் நடுவில் மெல்ல ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே தங்கும்.

இந்த உதிர்வைக் குறை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குளூட்டன் இல்லாததால் வந்த பலவீனம், நோயாளிகள் பொறுத்துக்கொள்ள வேண்டிய பத்தியம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இனிப்பு பிஸ்கட்டைப் பொறுத்தவரை உதிர்வதே அதன் ருசி என்பது என் துணிபு. சாமை அந்த ருசிக்கென்றே விளைந்த தானியம்.

குளூட்டன் செய்கிற வேலையைப் பார்த்தால் இது விளங்கும். கோதுமையில் கிளையாடின், குளூட்டனின் என்ற புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றிப் பிசையும்போது இரண்டும் பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற இழுவையான வலையாகின்றன. பரோட்டா மாஸ்டர் மாவைக் காற்றில் வீசிக் கண்ணாடிபோல் விரிப்பது இந்த வலையின் பலத்தில்தான். ரொட்டி பொங்கி நிற்பதும் அதனால்தான். ஆனால் பிஸ்கட்டில் இந்த வலை ஏறினால் அது கடினமாகிவிடும். அதனால்தான் மைதாவில் பிஸ்கட் செய்கிறவர்கள் முதலில் வெண்ணெயை மாவோடு தேய்த்து ஒவ்வொரு துகளையும் கொழுப்பால் மூடுகிறார்கள். தண்ணீரைக் குறைக்கிறார்கள். பிசையாமல் சேர்த்து மட்டும் பிடிக்கிறார்கள். நான்கட்டாய் செய்கிறவர்கள் மைதாவோடு கடலை மாவு கலப்பார்கள். ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட்டில் அரிசி மாவு சேர்க்கும் வழக்கம் உண்டு. கோதுமையை வைத்துக்கொண்டு அவர்கள் இத்தனை பாடுபட்டு எட்டப் பார்க்கும் இடத்தில், சாமை தொடக்கத்திலேயே நிற்கிறது.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதைச் சந்தன மரத்துக்காகவும், பீமன் அருவிக்காகவும், காவலூர் வானாய்வகத்துக்காகவும் அறிவார்கள். என்னைப் போன்ற பலகாரப் பிரியர்களுக்கு இது சாமை மலை. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசும் மலைவாசிகள். ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களில் சரிவு நிலங்களில், மழையை மட்டும் நம்பிச் சாமை விதைக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் கதிர் முற்றிவிடும். மலையடிவாரத்துக்கு அப்பால், திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகம் அங்கிருந்து வந்தது.

சாமையின் அருமை அதன் உமியில் தொடங்குகிறது. கடுகை ஒத்த சிறு மணி, அதன்மேல் இறுக்கமான உமி. உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்திப் புடைத்து அரிசியாக்குவது மலைப் பெண்களின் தலையில் தலைமுறை தலைமுறையாக விழுந்த வேலை. இன்று உமி நீக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பழங்குடி உழவர்கள் சேர்ந்து அமைத்த உற்பத்தியாளர் நிறுவனம் ஜமுனாமரத்தூரில் சாமையை வாங்கிச் சுத்தம் செய்து விற்கிறது. பிஸ்கட்டுக்குச் சாமை அரிசி வாங்கும்போது நான் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால் அளவுக்கு மீறித் தீட்டியிருக்கிறார்கள். லேசான சாம்பல் பழுப்பு இருந்தால் தவிடு ஒட்டியிருக்கிறது, வாசமும் கூடவே இருக்கிறது. அடுத்தது கல். ஒரு பொடிக்கல் போதும், ஒரு தட்டு பிஸ்கட்டின் மானம் போய்விடும். தண்ணீரில் அரித்து, கல் நீக்கி, நிழலில் துணிமேல் பரப்பி உலர்த்த வேண்டும்.

பிறகு வறுக்க வேண்டும். வீட்டு பிஸ்கட்டின் தலைவிதி இங்கேதான் எழுதப்படுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணைப்படி, 100 கிராம் சாமையில் ஏறக்குறைய 4 கிராம் கொழுப்பு இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது அரை கிராம் அளவுதான். சாமையின் வாசத்துக்கும் அது சீக்கிரம் சிக்கு வாடை ஏறிக் கெடுவதற்கும் இந்தக் கொழுப்பே காரணம். அரைத்ததும் மாவிலுள்ள நொதிகள் கொழுப்பைப் பிரிக்கத் தொடங்கும். சில வாரங்களில் மாவு கசக்கும். அரைப்பதற்கு முன் மிதமான தீயில் வறுத்தால் அந்த நொதிகள் அடங்கும், வாசமும் திறக்கும். மணிகள் வாணலியில் இலேசாகத் துள்ளி, கொட்டையின் வாசம் வீசும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். நிறம் மாறும் வரை காத்திருந்தால் தாமதம். ஓவனில் இன்னொரு முறை சிவக்கப்போகும் மாவு இது. இங்கேயே சிவந்துவிட்டால் அங்கே கருகும்.

ஆறிய மணிகளை அரைத்துச் சன்னச் சல்லடையில் சலிக்க வேண்டும். சல்லடையில் நிற்கும் கப்பியை மறுபடி அரைத்துச் சலிக்கலாம். அப்படியும் நிற்பதை உப்புமாவுக்கு ஒதுக்கிவிடலாம். சிறுதானிய பிஸ்கட் நறநறவென்று இருக்கிறது என்று புகார் சொல்பவர்களில் பெரும்பாலோர் உண்மையில் கப்பியைத்தான் மெல்கிறார்கள். பழியை மட்டும் தானியம் சுமக்கிறது.

என் கையில் நிற்கிற அளவு இது. சாமை மாவு 150 கிராம், பச்சரிசி மாவு 30 கிராம், ஜவ்வரிசியை வறுத்துப் பொடித்த மாவு 20 கிராம். நாட்டுச் சர்க்கரை 80 கிராம், நெய் 90 கிராம். ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு சிட்டிகை சமையல் சோடா, ஏலக்காய் அல்லது சுக்குப் பொடி. சேர்த்துப் பிடிக்க இரண்டு மூன்று கரண்டிப் பால். ஜவ்வரிசி இங்கே வீணாக வரவில்லை. பிடிப்புக் கொடுக்க மேல்நாட்டுச் சமையலில் சாந்தன் கம் என்ற பிசினைப் போடுகிறார்கள். நமக்குச் சேலத்து மரவள்ளியின் மாவுச்சத்தே போதும். வெந்ததும் அது துகள்களுக்கு நடுவே மெல்லிய பசையாகி, பிஸ்கட் தட்டிலிருந்து எடுக்கும்போதே நொறுங்காமல் காக்கிறது. அதற்கு மேல் கூட்டினால் சவசவக்கும். உதிர்வை அடியோடு ஒழிப்பது நோக்கமில்லை. கையில் நிற்க வேண்டும், வாயில் குலைய வேண்டும்.

நெய்யா வெண்ணெயா என்பது ரசிகர்கள் பிரியும் இடம். வெண்ணெயில் தண்ணீரும் பால் சத்தும் இருப்பதால் பிஸ்கட் அகன்று பரவும், விளிம்பு பொன்னிறமாகும். அதை எடுத்தால் 110 கிராம் எடுத்துப் பாலைக் குறைக்க வேண்டும். நெய்யில் தண்ணீர் கிடையாது, உதிர்வு இன்னும் நுண்மையாகும். நான் நெய்யின் பக்கம். உருக்கிய நெய்யை அப்படியே ஊற்றாமல், உறைந்த நெய்யைச் சர்க்கரையோடு சேர்த்து வெளுக்கும் வரை கையால் தேய்க்க வேண்டும். அப்போது உள்ளே சிக்கும் காற்றுத்தான் பிஸ்கட்டை இலேசாக்குகிறது. குளூட்டன் வலை இல்லாத இடத்தில் காற்றைத் தாங்கும் வேலையைக் கொழுப்பு ஏற்றுக்கொள்கிறது.

மாவைப் பிடித்தவுடன் சுடக் கூடாது. குறைந்தது அரை மணி நேரமாவது மூடி வைக்க வேண்டும். சாமைத் துகள் ஈரத்தை நிதானமாகத்தான் குடிக்கும். ஈரம் உள்ளே போகாத மாவைச் சுட்டால் நாக்கில் மணல் தட்டும். ஓர் இரவு வைத்தால் இன்னும் நல்லது. இது நமக்குப் புதிய பாடமில்லை. அதிரச மாவைப் பாகில் கிளறி நாள்கணக்கில் பானையில் வைத்துப் பதம் வரக் காத்திருந்தவர்கள் நம் பாட்டிகள். அரிசியும் வெல்லமும் பொறுமையும் சேர்ந்தால் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோதுமையின் உதவி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

வெப்பம் 160 டிகிரி, நேரம் பதினெட்டு முதல் இருபது நிமிடம். ஓவன் இல்லாத வீட்டில் கனத்த இரும்புச் சட்டியில் ஓர் அங்குலம் மணலோ கல்லுப்போ பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் தாங்கி வைத்து, தட்டை இறக்கி மூடிச் சிறு தீயில் சுடலாம். நேரம் கூடும், அடிப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்கும். அந்தச் சிவப்பில் தனி ருசி உண்டு. சூடாக இருக்கும்போது பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளிவிட வேண்டாம். ஆற ஆற, உருகிய சர்க்கரை இறுகி அதற்கு உடல் கொடுக்கும். நாட்டுச் சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். ஐப்பசி மழை நாளில் இது இன்னும் அவசியம்.

தேன் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு, ஆசைப்படவும் வேண்டும். வள்ளிக்கும் முருகனுக்கும் தேனும் தினை மாவும் வைத்துப் பழகிய நாடு இது. ஜவ்வாது மலைத் தேனும் பெயர் பெற்றது. ஆனால் தேனிலுள்ள பழச்சர்க்கரை சீக்கிரம் சிவந்துவிடும். வெப்பத்தை 150 டிகிரிக்கு இறக்க வேண்டும், பாலையும் குறைக்க வேண்டும். தேன் பிஸ்கட் மொறுமொறுப்பை விட்டு மெத்தென்ற பக்கம் சாயும். தினை மாவுக்கு அது பொருந்துகிறது. தினையில் இயல்பாகவே ஒரு மெல்லிய கசப்பு இருக்கிறது, தேன் அதைத் தாலாட்டி அடக்கிவிடும். சாமைக்கு நாட்டுச் சர்க்கரையும் சுக்கும்தான் சரியான துணை என்பது என் தீர்ப்பு.

கோதுமை இல்லாமல் நாம் ஏற்கனவே சாதித்த பேக்கரிப் பண்டம் ஒன்றும் இருக்கிறது, தூத்துக்குடி மக்ரூன். முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, அவ்வளவுதான். அதை யாரும் குளூட்டன் இல்லாத மாற்றுப் பண்டம் என்று சொல்லி வாங்குவதில்லை. மக்ரூன் என்று கேட்டு வாங்குகிறார்கள். சாமை பிஸ்கட்டுக்கும் அந்தத் தகுதி உண்டு.

இது மருத்துவக் காரணத்துக்காகவும் வேண்டியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் குளூட்டன் சிறுகுடலைச் சிதைக்கும். அந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது நோயுற்ற குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் அவர்கள் நலிந்ததும் அவருடைய கருத்துக்கு வலுச் சேர்த்தன. இந்த நோய் உள்ளவருக்குச் சுடும்போது ரசனையோடு ஒழுக்கமும் வேண்டும். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்தப் பண்டத்தைக் குளூட்டன் இல்லாதது என்று சொல்லக் கூடாது என்பது உலக அளவிலும் இந்தியாவிலும் உள்ள விதி. ஒரு கிலோ சாமை மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். கோதுமை அரைத்த மாவு மில்லில் சாமையைக் கொடுத்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். வீட்டு மிக்ஸியில் அரையுங்கள். சப்பாத்திக்குப் புழங்கும் சல்லடையையும் பலகையையும் தொடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளூட்டன் இல்லாதது என்பதால் இது சர்க்கரை நோயாளிக்கு ஏற்றதாகிவிடாது. நெய்யும் வெல்லச் சர்க்கரையும் சேர்ந்த இனிப்பு இது. இரண்டு தின்று நிறுத்தத் தெரிய வேண்டும்.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடைத் தட்டுகளில் சிறுதானிய பிஸ்கட் பொட்டலங்கள் பெருகின. பலவற்றின் பின்பக்கத்தைப் படித்தால் முதல் பொருளாக மைதாவோ கோதுமை மாவோ நிற்கும், சாமை சில சதவீதம் எட்டிப் பார்க்கும். குளூட்டன் இல்லை என்று உண்மையாகவே சொல்லும் பொட்டலங்களும் இல்லாததைத்தான் பெரிதாக அச்சிடுகின்றன. இருப்பதைச் சொல்ல அவற்றுக்குக் கூச்சம். எந்த மலைச் சாமை, எந்தப் பட்டத்தில் அறுத்தது, எந்த நாளில் அரைத்தது என்று ஏன் போடக் கூடாது? காபிக்கும் தேயிலைக்கும் தோட்டத்தின் பெயர் கேட்கிற நாம் சாமைக்கு ஊரின் பெயர் கேட்கத் தொடங்கினால், ஜமுனாமரத்தூர்ச் சரிவில் விதைப்பவருக்கு அதற்குரிய விலை கேட்கும் தைரியம் வரும். அதுவரை வீட்டில் சுடுகிறவர்களாவது அடுத்தவருக்குத் தட்டை நீட்டும்போது "கோதுமை இல்லாத பிஸ்கட்" என்று சொல்வதை விட்டுவிடலாம். "ஜவ்வாது மலைச் சாமை பிஸ்கட், எடுத்துக்கோங்க" என்று சொல்லுங்கள். தின்பவர் அதைச் சாமையாகவே ருசிப்பார்.