நூலகப் பட்டியலில் இல்லாத பெயர்

ஹாயிம் போட்டோக்கின் 'தி சோசன்' நாவலைப் பற்றி யார் பேசினாலும் இரண்டு அப்பாக்களையும் இரண்டு மகன்களையும் பற்றித்தான் பேசுகிறார்கள். 1967இல் வந்த நாவல். கதை 1944இல், புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் தொடங்குகிறது. பந்தாட்டத்தில் ரூவெனின் கண்ணில் அடிபடுகிறது. பந்தை அடித்தவன் டேனி. பகையாகத் தொடங்கியது நட்பாகிறது. மகனிடம் பேசாமலேயே அவனை வளர்க்கும் ஹசிதிய குரு ரெப் சாண்டர்ஸ் ஒரு பக்கம். மகனிடம் எதையும் மறைக்காமல் பேசும் டேவிட் மால்டர் இன்னொரு பக்கம். இப்படி வாசிப்பதில் தப்பில்லை. ஆனால் திரும்ப வாசிக்கும்போது எனக்கு இது அப்பாக்களைப் பற்றிய நாவலாகத் தெரியவில்லை. வாத்தியார்களைப் பற்றிய நாவலாகத்தான் தெரிகிறது. அதிலும், விமர்சகர்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு வாத்தியார்தான் அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

யெஷிவா என்பது யூதச் சமயப்பள்ளி. தல்மூத் கற்பதுதான் அங்கே முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் எல்லா யெஷிவாவும் ஒன்றல்ல என்பதைப் போட்டோக் முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுகிறார். ரூவென் படிக்கும் பள்ளியில் சமயப் பாடங்கள் எபிரேயத்தில் நடக்கின்றன. ஆங்கிலப் பாடங்களும் அரசு கேட்பதைவிடக் கூடுதல். டேனியின் பள்ளி அவன் அப்பா தொடங்கியது, அங்கே இத்திஷ்தான். இந்த இரண்டு பள்ளிகளுக்கும் நடுவில் பேஸ்பால் எப்படி வந்தது என்பது சுவாரசியமான விஷயம். அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு, யெஷிவா பையன்களும் மற்ற அமெரிக்கப் பையன்களைப்போல உடல்வலு உள்ளவர்கள்தான் என்று வெளியுலகத்துக்குக் காட்ட வேண்டும் என நினைத்த ஆங்கில ஆசிரியர்கள் சிலர் தொடங்கிவைத்தது அது. பயிற்சி கொடுக்க வரும் கலன்டர், அரசுப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே பகுதிநேரமாக வருபவர். வாயைத் திறந்தாலே போர்க்கள மொழி. "அப்படின்னா இவர் ஏன் போருக்குப் போகல?" என்பது பையன்களுக்குள் ஓடும் கேள்வி. எதிரணியோடு வந்த ரபியோ பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறார். இருவருக்கும் கிடைப்பது சில பக்கங்கள்தான். ஆனால் யாருக்கு விளையாட்டு போர், யாருக்கு அது வீண்வேலை என்பது அதற்குள் தெரிந்துவிடுகிறது.

பையன்கள் வளர்ந்து ஹிர்ஷ் கல்லூரிக்குப் போகிறார்கள். சமயக் கல்வியும் பல்கலைக்கழகப் படிப்பும் சேர்ந்து நடக்கும் இடம். அங்கே தல்மூத் நடத்துபவர் ராவ் கெர்ஷென்சன்.

வயதானவர். மென்மையானவர். சில வரிகளை எடுத்துக்கொண்டால் நாள்கணக்கில் அதிலேயே நிற்பார். ஒருவனை எழுப்பி வாசிக்கச் சொல்லி, கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பார். திட்டமாட்டார், சும்மா காத்திருப்பார். அந்த மௌனத்துக்குத்தான் வகுப்பே பயப்படுகிறது.

இங்கே தல்மூத்தின் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் அடுத்து வருவது புரியும். மூலப்பாடம் நடுவில் இருக்கும். அதன் ஒரு பக்கம் ராஷி என்ற 11ஆம் நூற்றாண்டு அறிஞரின் உரை, இன்னொரு பக்கம் அவருக்குப் பின் வந்தவர்களின் தோசஃபோத் உரை. ஓரங்களிலும் பின்னிணைப்பிலும் இன்னும் உரைகள். மாணவனின் வேலை இவற்றுக்குள் புகுந்து, முரண்களை எழுப்பி, இணக்கம் கண்டு வெளியே வருவது. எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். ஆனால் மூலம் சரியாக இருக்கிறது என்ற இடத்திலிருந்துதான் சண்டை தொடங்க வேண்டும். டேவிட் மால்டர் மகனுக்குச் சொல்லித்தந்த முறை வேறு. படியெடுத்தவர் பிழை செய்திருக்கலாம். மற்ற சுவடிகளோடும் இணையான நூல்களோடும் ஒப்பிட்டு மூலத்தைத் திருத்தலாம். நம்முடைய பதிப்பாளர்கள் பாடபேதம் பார்த்ததுபோல. பழைய இலக்கியத்தில் இதைச் செய்தால் பாராட்டு கிடைக்கும். அன்றாட வாழ்க்கைக்கான சட்டமே அந்த நூலிலிருந்து வருகிறது என்றால் கதை வேறு. ஒரு சொல்லைத் திருத்தினால் அதன்மேல் கட்டிய உரைகள் அத்தனையும் ஆட்டம் காணும். வில்னா காவோன் போன்ற பேரறிஞரே 18ஆம் நூற்றாண்டில் பாடங்களைத் திருத்தியிருக்கிறார். ஆனால் காவோன் செய்யலாம், கல்லூரிப் பையன் செய்யலாமா?

ரூவெனை எழுப்புகிறார் கெர்ஷென்சன். கடினமான ஒரு பகுதி. ரூவென் மரபான வழியிலேயே பல நாட்கள் விளக்குகிறான், எல்லா உரைகளையும் கொண்டுவந்து வைக்கிறான். கடைசியில் எந்த உரையும் திருப்தி தரவில்லை என்று நிற்கிறது. ஆசிரியர் வகுப்பின் முன்னால் ஒப்புக்கொள்கிறார்: எனக்கும் விளக்கத் தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் ரூவெனை மட்டும் நிறுத்திவைக்கிறார். உன் அப்பா இதை எப்படி விளக்குவார் என்று கேட்கிறார். ரூவென் மூலத்தைத் திருத்தி விளக்குகிறான். அவர் கவனமாகக் கேட்டுக்கொள்கிறார். அவருக்கு அந்த முறை பழக்கமானது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு, இதை என் வகுப்பில் ஒருபோதும் செய்யாதே என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்.

ரூவென் நூலகத்துக்குப் போகிறான். ஆங்கிலப் பட்டியலிலும் எபிரேயப் பட்டியலிலும் தன் ஆசிரியரின் பெயரைத் தேடுகிறான். எங்கேயும் இல்லை. தன் அப்பா ஏன் இந்தக் கல்லூரியில் பாடம் நடத்துவதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் புரிகிறது.

இவ்வளவுதான் காட்சி. போட்டோக் ஒரு வரி விளக்கம் சேர்க்கவில்லை. எனக்கு இந்த நாவலில் மிகப் பெரிய இடம் இதுதான். திரும்பிப் போய் யோசித்தால் இன்னும் கலக்கமாக இருக்கிறது. வகுப்பின் முன்னால் தெரியாது என்று அவர் சொன்னது ஒரு பெரிய மனிதனின் பணிவு என்றுதான் முதலில் நினைக்கிறோம். நூலகத்துக்குப் போய்வந்த பிறகு அது சந்தேகமாகிறது. உண்மையிலேயே தெரியாமல் சொன்னாரா? அல்லது தெரிந்த வழியை இந்தக் கட்டடத்துக்குள் சொல்ல முடியாததால், தெரியாது என்பதுதான் அவருக்கு எஞ்சியிருந்த நேர்மையான பதிலா? நாவல் பதில் தரவில்லை.

கோழை என்று அவரை ஒதுக்குவது சுலபம். காலத்தைப் பார்க்க வேண்டும். போர் முடிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கின்றன. ஸ்லபோத்கா, டெல்ஷே போன்ற லிதுவேனிய யெஷிவாக்கள் அழிந்துவிட்டன. அவற்றின் ஆசிரியர்களில், மாணவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டுவிட்டார்கள். எஞ்சியதை நியூயார்க்கில் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று நம்பும் கூட்டத்தின் நடுவில் நின்று, 'இந்த வரி பிழை' என்று எப்படிச் சொல்வது? கெர்ஷென்சனின் மௌனத்துக்கு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்துக்கு அவர் கொடுத்த விலை, எழுதப்படாத அவருடைய புத்தகங்கள்.

இதோடு ஒப்பிட்டால் ரெப் சாண்டர்ஸின் மௌனம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அவரும் வாத்தியார்தான். சபையில் பேசும்போது வேண்டுமென்றே பிழை விடுவார். எழுத்துகளின் எண்மதிப்பை வைத்துப் பொருள் காணும் கெமட்ரியாவில்கூடக் கணக்கைத் தப்பாகச் சொல்வார். எல்லோர் முன்னாலும் மகன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கொடுமையான காட்சி, ஆனால் உயிருள்ள காட்சி. நாவலின் கடைசியில் ரூவெனை நடுவில் வைத்துக்கொண்டு மகனுக்குச் சொல்வதுபோல அவர் பேசுகிறார். அறிவு மட்டும் உள்ள பிள்ளைக்கு இதயமும் வேண்டும் என்பதற்காகத்தான் பேசாமல் வளர்த்தேன் என்கிறார். மனம் கரையத்தான் செய்கிறது. ஆனால் பல ஆண்டு வலிக்கு ஒரே பேச்சில் கணக்கு முடித்துவிடுகிறார் போட்டோக். அந்த மௌனத்தில் கெட்டுப்போனது எதுவுமே இல்லையா? டேனி நன்றாக வந்துவிட்டான் என்பதற்காக முறை சரியாகிவிடுமா? ரெப் சாண்டர்ஸுக்குப் பக்கம் பக்கமாக வாக்குமூலம் கொடுத்த ஆசிரியர், கெர்ஷென்சனுக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. அதனால்தான் அவர் இன்னும் நம்மைத் தொந்தரவு செய்கிறார்.

போட்டோக்கின் வாழ்க்கையும் இதில் இருக்கிறது. 1950இல் யெஷிவா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பட்டம் பெற்றவர், ரபி பட்டத்தை அங்கே வாங்கவில்லை. பாட ஆய்வுக்கு இடம் கொடுத்த யூத இறையியல் கல்லூரிக்குப் போய் 1954இல் வாங்கினார். வெளியே போனவர்தான் உள்ளே இருந்தவரைப் பற்றி எழுதுகிறார். அதில் வன்மம் இல்லை என்பது பெரிய விஷயம். ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளிகளின் உலகத்தில் பெண்கள் இல்லை. மால்டர் வீட்டில் சமைக்கும் ரஷ்யப் பெண் மான்யா இருக்கிறாள், அவ்வளவுதான். அந்த உலகம் அப்படி என்று சமாதானம் சொல்லலாம். டேனியின் அம்மாவும் தங்கையும் அந்த மௌனமான வீட்டில் என்ன நினைத்தார்கள் என்று கேட்க நாவலாசிரியருக்கு யாரும் தடை போடவில்லையே.

1969இல் வந்த 'தி பிராமிஸ்' இதன் தொடர்ச்சி. மொழி கொஞ்சம் தளர்ந்த நாவல். ஆனால் அதில் ராவ் கல்மன் வருகிறார். நாஜி முகாமிலிருந்து தப்பி வந்தவர், கறாரானவர், வகுப்பில் ரூவெனைப் பாடாய்ப் படுத்துபவர். டேவிட் மால்டரின் புத்தகம் வெளிவந்ததும் ரூவெனையே கூப்பிட்டு அதன் முறையை விளக்கச் சொல்கிறார். மகன் வாயால் அப்பாவின் நூலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு அதைத் தாக்கி எழுதுகிறார். வாசிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது. ரபி பட்டத்துக்கான தேர்வில் ரூவெனை விசாரிக்கக் கல்மனும் கெர்ஷென்சனும் ஒரே மேசையில் உட்கார்கிறார்கள். அன்று வகுப்பில் செய்யாதே என்று சொல்லப்பட்டதை ரூவென் அந்த மேசைக்கு முன்னால் செய்கிறான்: மூலத்தைத் திருத்துகிறான். அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது நான் கல்மனின் முகத்தைப் பார்க்கவில்லை. கெர்ஷென்சனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.