வீதிக் கடைகளும் சுகாதாரக் காவலும்

மெரினாக் கடற்கரையில் சுண்டல் கடைகளைக் கடந்து நடக்கையில், சென்னை அன்பர் ஒருவர், "உங்களுடையது சிறு தீவு, நாலு கடையைச் சோதிப்பது அங்கே பெரிய காரியமா?" என்றார். நிலம் சிறிதாயிருந்தால் சுத்தம் தானே விளைந்துவிடும் என்பது அவர் அபிப்பிராயம் போலும்.

எங்கள் சுத்தம் பிரயாசையால் விளைந்தது. 1926இல் இலங்கையின் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பெற்ற காலந்தொட்டு, ஒரு பிரதேசத்தின் ஆரோக்கியம் முழுவதும் ஒரே பரிபாலனத்தின் கீழ் இருக்கவேண்டும் என்பதே எங்கள் கொள்கை. ஆதலால் கிணற்றையும் மலசலகூடத்தையும் பள்ளிக்கூடத்தையும் நுளம்பு பெருகும் சிரட்டையையும் பார்க்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரே, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் அதிகாரத்தோடு நல்லூர்த் திருவிழாக் கடைகளுக்குள்ளும் நுழைந்து, உணவைக் கையாள்பவரின் மருத்துவச் சான்றிதழைக் கேட்கிறார். "பி.எச்.ஐ. வாறார்" என்றதும் வீதியில் எழும் பரபரப்பில், பயத்தோடு, ஊரை அறிந்த ஒருவர்மீதுள்ள மரியாதையும் கலந்திருக்கிறது. சொல்லியும் திருந்தாதவர் நீதவான் முன் நிற்கவேண்டியதுதான். கடையை மூடும் கட்டளையும் அங்கே பிறக்கும்.

தமிழ்நாட்டிலோ, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்தபின், உணவுக்கென்றே உணவுப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். சுத்தக் குறைவு மாவட்ட வருவாய் அலுவலரின் விசாரணையில் அபராதமாக முடிகிறது. நிபுணத்துவத்தில் குறையில்லை, ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாயை 2024 பிப்ரவரியில் தடைசெய்த வேகம் மெச்சத்தக்கதே. தெரு வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்கவேண்டும் என்கிறது. இத்தகைய உரிமை எங்கள் கச்சான் கடைக்காரருக்கும் வாய்க்கவேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன். ஆயினும் தட்டிலுள்ள பண்டம் ஓர் இலாகாவுக்கும், கடையருகே தேங்கும் சாக்கடை வேறோர் இலாகாவுக்கும் உரியதாகப் பிரிந்துபோனால், வியாதி அந்த எல்லையை மதித்து நிற்குமா?

யுத்தத்தால் ஊர்கள் இடம்பெயர்ந்த நாட்களிலும் கிணறுகளுக்குக் குளோரின் இட்டுக் கொள்ளைநோயைத் தடுக்கப் பாடுபட்டவர்கள் எங்கள் சுகாதார உத்தியோகத்தர்கள். அந்தச் சேவையைத் தீவின் சிறுமைக்குக் கணக்கெழுதுவதை ஈழத்தமிழன் எவனும் ஒப்பமாட்டான்.